சைக்கிளும் தலைமையும்

தலைவர் என்னும் சொல் இந்நாளில் மிகவும் மலிந்துவிட்டது. கோயிலுக்கு ஒரு தலைவர்; பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்திற்கு ஒரு தலைவர்; தொழிற்சங்கக் கிளைக்கு ஒரு தலைவர்; பந்தாட்டக் குழுவிற்கும் ஒரு தலைவர். மாலை சூட்டவும் பொன்னாடை போர்த்தவும் நம்மிடையே ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால், ஒருவர் பதவியில் அமர்ந்த நாளுக்கும் அதைவிட்டு இறங்கிய நாளுக்கும் இடையில் உள்ளத்தால் ஓர் அங்குலமேனும் வளர்ந்தாரா என்று கேட்பவர் அரியர். தலைமை என்பதை ஏறி அமரும் நாற்காலியாகவே நாம் கருதிவிட்டோம். அது நாள்தோறும் கற்க வேண்டிய ஒரு கல்வி என்பதை மறந்தோம்.

தலைவன் தன்னை வளர்த்துக்கொள்வது எப்படி என்று அயல்நாட்டார் எழுதிய நூல்கள் பட்டணத்துப் புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. வைகறையில் எழுக, நேரத்தைப் பங்கிடுக, நாவன்மையைப் பெருக்குக என்று அவை உபதேசிக்கின்றன. ஆங்கிலக் கல்வி பயின்றவனாகிய யானும் அவற்றுள் சிலவற்றைப் படித்ததுண்டு. அவை தீயவை அல்ல. எனினும் தலைமைக்கு வேண்டிய முதற்பாடத்தை யான் அவற்றில் காணவில்லை. அப்பாடம் நம் சிலாங்கூர் மண்ணிலேயே, 1941ஆம் ஆண்டில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் இருக்கிறது. அதனை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்துப் படிக்கட்டு

யான் வாழ்வது பத்தாங் பெர்ஜுந்தாய். 2007ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பலகைகளில் இவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. நம்மவர் வாயில் இன்றும் பழைய பெயர்தான். ஒருபுறம் சிலாங்கூர் ஆறு. ஒருபுறம் ஈயம் வாரிய பள்ளங்களில் தேங்கிய குளங்கள். எஞ்சிய பக்கமெல்லாம் செம்பனை. இவ்வூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டில் முதன்முதலாக வாணிபத்திற்கென்று செம்பனையைப் பயிரிட்டார். அவர் பின்னாளில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் பெரும் இலக்கியப் பரிசைப் பெற்றது. தோட்டத்தின் பெயரோ தமிழ்ப் பெயர். துரையின் பெயரை உலகம் அறியும். மரத்திற்குப் பெயர் சூட்டியவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

அந்நாளைய தோட்டம் ஒரு படிக்கட்டைப் போன்றது. உச்சியில் வெள்ளைத் துரை. அவருக்குக் கீழே அலுவலகத்தில் கிராணிமார். இவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் ஆவர்; தமிழகத்தாரும் சிலர் உண்டு. அதற்கும் கீழே கங்காணி. தன் ஊருக்குச் சென்று ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றி வந்தவர் அவரே. வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. அடிப்படியில், பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நின்ற ஆண்களும் பெண்களும்.

இப்படிக்கட்டில் ஒவ்வொருவரும் தமக்குக் கீழே இருந்தவருக்குத் தலைவர். கங்காணி தம் ஆட்களின் திருமணத்திற்கும் சாவுக்கும் முன்நின்றார், கடன் கொடுத்தார், சண்டை தீர்த்தார். அவரிடம் நல்ல குணமே இல்லை என்று கூறுவது நியாயமன்று. ஆனால் அவருடைய வருவாய் ஆட்களின் தலையை எண்ணுவதில் இருந்ததேயன்றி, அத்தலைகளுக்குள் என்ன நினைவு ஓடுகிறது என்பதை அறிவதில் இல்லை. கிராணியோ செக்ரோலில் பெயரைக் கண்டார், முகத்தைக் காணவில்லை. இத்தகைய தலைமை முப்பது ஆண்டுகள் நடப்பினும், முதல் நாள் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கிள்ளானில் மூண்ட தீ

1930ஆம் ஆண்டுகளின் மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டக் கூலியும் வீழ்ந்தது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றிற்று. 1938இல் கூலியை மீண்டும் குறைக்கத் தோட்ட முதலாளிகள் முற்பட்டபோது, இந்திய சர்க்கார் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1939இல் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. ரப்பருக்குத் தேவை பெருகிற்று. அரிசி முதலிய பண்டங்களின் விலையும் ஏறிற்று. ஆயின் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி மட்டும் ஐம்பது காசை ஒட்டியே நின்றது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளர் அதனினும் மிகுதியாகப் பெற்றனர்.

இந்நிலையில் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியர் யூனியன் ஒன்று எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன். அவர் துரையுமல்லர், கங்காணியுமல்லர். தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராய் இருந்தவர். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் தோட்டந்தோட்டமாக வேலை நிறுத்தம் பரவிற்று. ஏப்ரலில் சிறிது கூலி உயர்வு கிட்டவே தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர்.

கூலிக்காக மட்டும் நடந்த போராட்டமாயின் கதை இத்துடன் முடிந்திருக்கும். அது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு விடை, அத்தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் இருக்கிறது.

சீனருக்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றனர். தக்க மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பத்து பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றனர். பேசவும் கூடவும் உரிமை கேட்டனர். உற்றாரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வழி கேட்டனர். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கலாகாது என்றனர். தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க இசைவு கேட்டனர். இவையெல்லாம் எந்நாட்டுத் தொழிலாளரும் கேட்கக் கூடியவையே.

ஆனால் அவற்றினிடையே வேறு சிலவும் இருந்தன. கொடுமை செய்யும் ஆசிய உத்தியோகஸ்தர்களை நீக்கித் தமிழ் அறிந்த படித்தவர்களை அமர்த்த வேண்டும் என்பது ஒன்று. ஐரோப்பியரும் 'கறுப்பு ஐரோப்பியரும்' தொழிலாளப் பெண்களிடம் தகாது நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. துரைக்கும் ஆசிய உத்தியோகஸ்தருக்கும் முன்னால் தொழிலாளர் சைக்கிளைவிட்டு இறங்காமலே செல்ல அனுமதிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

கறுப்பு ஐரோப்பியர் எவர்? அலுவலகத்தில் பேனா பிடித்த கிராணிமாரே. அதாவது, இன்று இதனை எழுதும் யான் எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கின்றேனோ அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள்.

ஒரு சைக்கிளின் விலை

இவ்வரலாற்றை யான் முதலில் ஆங்கில நூல்களிலேயே கற்றேன். அங்கே சைக்கிள் பற்றிய கோரிக்கை ஒற்றை வரியில் முடிந்துவிடும். அதன் பொருளை எனக்கு விளக்கியவர் என் பாட்டனார். 1941இல் அவர் இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் மங்கு துடைக்கும் சிறுவர். அவருடைய தந்தையார் பல மாதக் கூலியை மிச்சம் பிடித்துப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாராம். ஊரில் தாம் பெற்றிராத உடைமை அது. அதன் மேல் மகனை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் வருவார். எதிரே கிராணியாரின் வெள்ளைச் சட்டை தென்படும். உடனே மகனை இறக்கிவிட்டு, தாமும் இறங்கி, சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். கிராணியார் கடந்து வளைவில் மறைந்த பின்னரே மீண்டும் ஏறுவார்.

"அப்பா இறங்கினதுகூட எனக்குப் பெரிதில்லை, கிராணியார் ஒரு நாளாவது எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை, அதுதான் இன்னும் மறக்கவில்லை" என்று பாட்டனார் கூறுவார்.

நேயர்களே! தலைமையின் நோய் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அந்தக் கிராணியார் கொடியவராக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவரும் துரையின் முன் கைகட்டி நின்றவரே. வீட்டில் நல்ல தந்தையாகவும், கோயிலுக்குத் தாராளமாகக் கொடுப்பவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் தம் முன்னே ஒரு மனிதன் இறங்கி நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வழக்கம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. மேலிருப்பவன் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அவன் அறிந்து செய்பவை அல்ல, அவனுக்குப் புலப்படாதவை. அவற்றை அவனுக்குக் காட்டவல்லவர் கீழே நிற்பவர் ஒருவரே. ஆதலின், தன்னைப் பற்றிய குறையைக் கேட்க அஞ்சும் தலைவன் தன் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரே கண்ணாடியை உடைத்தவனாகிறான்.

1941இல் அக்கண்ணாடி நீட்டப்பட்டது. அதனைக் கண்டவர்கள் என்ன செய்தனர்?

கண்ணாடியை உடைத்தவர்கள்

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகத் திரண்டனர். வேலை நிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அம்மாதத்தின் நடுவில் சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டுப் பட்டாளம் வரவழைக்கப்பட்டது. அப்பட்டாளத்தினரும் இந்தியரே. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். வேலை நிறுத்தம் அடங்கிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. சைக்கிளைக் கண்டு சினந்த துரைமாரில் பலர் கைதிகளாயினர். மனுவைத் துப்பாக்கியால் மறுத்த ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அம்மனுவைக் கேட்டிருந்தால் ஜப்பானியர் வந்திருக்க மாட்டார் என்று யான் வாதிக்கவில்லை. ஆனால், தன் குடிகளின் நெஞ்சத்தை அறியாத ஆட்சிக்காக அக்குடிகள் கண்ணீர் விடமாட்டார் என்பது மட்டும் உறுதி.

இங்கே நாதனைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அவர் தொழிலாளரின் குறைகளைக் கேட்டறிந்து அவற்றுக்குச் சொற்களைத் தந்தார். அஃது அவர் பெருமை. எனினும் அவரை அகற்றியவுடன் இயக்கமும் தளர்ந்தது. அவருக்குப் பின் அதனை ஏந்தத்தக்க உறுதியான சங்கம் தோட்டங்களில் வேரூன்றியிருக்கவில்லை. அதற்கு அவருக்குக் காலமும் கொடுக்கப்படவில்லை. இதை அவர்மேல் குற்றமாகச் சாற்றுதல் தகாது. ஆயினும் பின்வந்தோருக்கு அது பாடமாயிற்று.

ஆளிலிருந்து ஸ்தாபனத்திற்கு

யுத்தம் முடிந்தபின் சங்கங்கள் காளான்போல் தோன்றின. 1948இல் அவசரகாலச் சட்டம் வந்தது. 1949 மே 4ஆம் நாள், மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அவ்விருளுக்குப் பின், பல மாநிலச் சங்கங்கள் ஒன்றிணைந்து 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன். அவர் வகுத்த வழி வேறு: சந்தா, ரசீது, கிளை, கூட்டக் குறிப்பு, முதலாளிமாருடன் கூட்டு ஒப்பந்தம். இவ்வழியில் வீரமில்லை என்று பரிகசித்தவர் உண்டு. ஆனால் ரசீதுப் புத்தகம் வைத்திருந்த சங்கத்தை ஒருவரைக் கைது செய்து கலைத்துவிட முடியாது.

மற்றொரு சான்றும் உண்டு. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றதை ஒட்டி, வெள்ளை முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கினர். தலைமுறையாய் உழைத்தவர் வேலையும் வீடும் இழந்து வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டது. அப்போது அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம் என்று தோட்டந்தோறும் சென்று கேட்டார். அங்ஙனம் சேர்ந்த பணத்தில், கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. தோட்டத்தின் அடிப்படியில் நின்றவன் தோட்டத்தில் ஒரு பங்குக்கு உடையவனானான்.

அமைச்சர் பதவியில் இருப்பவர் லயத்து வாசலில் நின்று பத்து வெள்ளி கேட்பது எளிய செயலன்று. அங்கே ஒவ்வொருவரும் ஐயம் கிளப்புவர், முன்னொருகால் ஏமாந்த கதையைச் சொல்வர், "பணம் திரும்புமா?" என்று முகத்துக்கு நேரே வினவுவர். அக்கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை கூறினாலன்றி அத்தனை பேர் பணம் கட்டியிருக்க மாட்டார்கள். மேடையில் பேசும் தலைவன் தன் நாவை மட்டுமே வளர்க்கிறான். வாசலில் நின்று விடை கூறும் தலைவன் தன்னையே வளர்த்துக்கொள்கிறான்.

இவ்விரு ஸ்தாபனங்களையும் பற்றிக் குறை கூறுவோர் உண்டு, கூறட்டும். எந்த ஸ்தாபனமும் வேரூன்றிய பின் செவியை மூடிக்கொள்ளுமாயின், அதன் தலைவர்கள் புதிய கங்காணிகளே. தலைகளை எண்ணிச் சந்தா வாங்குவதற்கும், தலைகளை எண்ணிக் காசு வாங்குவதற்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது. அக்கோட்டை அழியாமற் காப்பது குறைகேட்கும் பழக்கம் ஒன்றே.

என் முறை

ஊரார் குறையை இதுவரை எழுதியவன் தன் குறையை மறைத்தல் முறையன்று.

இன்று லயங்களில் நம்மவர் சிலரே. ரப்பர் மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது பலர் பட்டணம் சேர்ந்தனர். இன்று பெரட்டில் நிற்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளியரும் ஆவர். சம்பளத்தை யான் கணினியில் ஏற்றுகின்றேன். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கின்றனர்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அலுவலகம் முடிந்து யான் நடந்து வந்தேன். வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் சைக்கிளில் எதிரே வந்தான். என்னைக் கண்டதும் இறங்கி, ஓரமாய் நின்று, தலையைத் தாழ்த்தினான். யான் கடந்து சென்றேன். உண்மையைச் சொல்வேன்: என் உள்ளத்தில் அப்போது எழுந்தது நாணமன்று, ஓர் இன்பம். 'மரியாதை தெரிந்த பையன்' என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு உணவருந்தும்போதுதான் பாட்டனாரின் குரல் காதில் விழுந்தது. "கிராணியார் ஒரு நாளாவது எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை." யானும் திரும்பிப் பார்க்கவில்லை. 1941இல் எந்தக் கோரிக்கைக்காக என் முன்னோர் துப்பாக்கியின் முன் நின்றனரோ, அதே கோரிக்கையின் மறுபக்கத்தில் யான் நின்றிருந்தேன். வெள்ளைத் துரை இல்லை, கங்காணி இல்லை, படிக்கட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதில் ஒரு படி மேலே ஏறியதையே முன்னேற்றம் என்று யான் கருதியிருந்தேன்.

மறுநாள் அவ்விளைஞனை அழைத்து, இறங்க வேண்டாம் என்று மலாயில் சொன்னேன். அவன் அஞ்சினான், தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணினான். யார் இறங்கச் சொன்னது என்று வினவினேன். மண்டோர் சொன்னதாகக் கூறினான். பிறகு மெல்ல மெல்ல அவனுக்கு வாய் திறந்தது. சம்பளச் சீட்டில் வெட்டிக்கொள்ளும் தொகைகள் எதற்கென்று தங்களில் எவருக்கும் விளங்கவில்லை என்றான். மூன்றாண்டுகளாக அச்சீட்டை அச்சிட்டுக் கொடுப்பவன் யான். அதிலுள்ள மொழி அவர்களுக்குத் தெரியுமா என்று ஒரு நாளும் யான் கேட்டதில்லை.

இப்போது சம்பள நாளன்று, அவர்களில் மலாய் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, வரிக்கு வரி படித்துக் காட்டுகின்றேன். வரிசை நகர நேரமாகிறது. இரண்டு முறை என் கணக்கிலேயே பிழை கண்டுபிடித்தார்கள். முதல் முறை எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. தலைமையைப் பற்றி யான் படித்த நூல்கள் எல்லாம் சேர்ந்து செய்யாத வளர்ச்சி, இவ்விரு முறைகளுக்கும் இடையில் எனக்கு ஏற்பட்டது என்று துணிந்து கூறுவேன்.

முடிவாக

நம்மில் எத்தனையோ பேர் சிறிய தலைமைகளில் இருக்கிறோம். கோயில் நிர்வாகத்தில், பள்ளிச் சங்கத்தில், அலுவலகத்தில், சொந்த வீட்டில். பெரிய தலைவர்களைக் குறை கூறுவது எளிது. நம் முன்னே யார் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கிறார் என்று பார்ப்பது அரிது. அவர் மனைவியாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம், அயல்நாட்டிலிருந்து வந்த கூலியாளாக இருக்கலாம். அவர் கையில் ஒரு மனு இருக்கிறது. பெரும்பாலும் அஃது எழுதப்படாத மனு. அதில் நம் பெயரும் இருக்கும்.

அதனைக் கேட்டு வாங்கிப் படிக்கும் துணிவே தலைமைக்கு முதற்பாடம். கிள்ளான் தொழிலாளர் அதனை உயிர் கொடுத்து எழுதினார்கள். படிக்கும் கடன் நம்முடையது. இன்று மாலை வீடு திரும்பும் வழியில், எதிரே ஒருவர் ஒதுங்கி நின்றால், தோழரே, தாங்கள் ஒரு கணம் நின்று அவர் முகத்தைப் பாருங்கள்.